நாற்பத்திரண்டாம் நிரையின் சுழியங்கள்

நம் ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகச் சில பக்கங்கள் எழுதித் தருமாறு கேட்டார்கள். கேள்வித்தாள் அமைப்பது, மாதிரியைத் தெரிவு செய்வது, அட்டவணை போடுவது ஆகியவற்றை நீங்கள் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அவற்றைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

இருபத்தெட்டு ஆண்டுப் பணியில், கொடுத்த அறிக்கையை நான் திரும்பப் பெற்றது ஒரே ஒரு முறைதான். அதைப் பற்றிச் சுங்கைப் பட்டாணியில் இரண்டு கதைகள் உலவுகின்றன. நான் தரவைத் தொலைத்துவிட்டேன் என்பது ஒன்று. வயதாகிவிட்டதால் கணக்கில் தடுமாறினேன் என்பது மற்றொன்று. இரண்டும் பொய். நடந்தது அவற்றைவிட எனக்கு அதிக வெட்கம் தருவது. ஆயினும் அது பிறர் வாயில் திரிந்து உங்களிடம் வருவதைவிட, என் கையெழுத்தில் வருவதே முறை.

செமிலிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டேன். தொழிலாளர்களின் பணி ஊக்கம் எதிலிருந்து பிறக்கிறது என்று அறிந்து சொல்லும்படி அதன் நிர்வாகம் நம்மைக் கேட்டிருந்தது. புதிய பரிசுத் திட்டம் ஒன்றைத் தொடங்கும் முன் அவர்களுக்கு அந்த அறிக்கை வேண்டியிருந்தது.

வழக்கம்போல இரண்டாம் நிலைத் தரவிலிருந்து தொடங்கினேன். தோட்ட அலுவலகத்தில் அலமாரி நிறையக் களச் சோதனைத் தாள்கள் இருந்தன. உங்களில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பனைக் குலையை அறுத்து வீழ்த்தும்போது பழுத்த பழங்கள் உதிர்ந்து மரத்தடி வட்டத்தில் சிதறும். எண்ணெய் அதிகம் இருப்பது அவற்றில்தான். ஆண்கள் குலையை அறுத்துச் செல்ல, பெண்கள் பின்னால் வந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் நிரப்புவார்கள். மரங்கள் நிரை நிரையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு நிரைக்கும் ஓர் எண்ணும், பொறுக்குவதற்கு ஒரு பெண்ணும் உண்டு. சோதனைக்காரர் பிறகு வந்து, வட்டங்களில் எத்தனை பழம் விடுபட்டிருக்கிறது என்று எண்ணித் தாளில் குறிப்பார்.

எல்லா நிரைகளுக்கும் ஏதோ ஓர் எண் இருந்தது. நாற்பத்திரண்டாம் நிரைக்கு மட்டும் மாதந்தோறும் சுழியம். மழை மாதத்திலும் சுழியம். தீபாவளி முடிந்த வாரத்திலும் சுழியம்.

அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் அதைக் காட்டினேன். அவர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவேயில்லை.

"அது அப்படித்தான் மேடம். அந்த நிரையில மிச்சம் இருக்காது."

"ஒரு பழம்கூடவா?"

"போய்ப் பாருங்களேன். பாம்பு இருக்கும், பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க."

சோதனைக்காரர் களத்துக்குப் போகாமலே எழுதியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த நிரையை ஒதுக்கிவிட்டு ஆய்வைத் தொடரவும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஆனால் எனக்கு இத்தொழிலைச் சொல்லிக் கொடுத்தவர் இரண்டு பழக்கங்களை என்மேல் திணித்திருந்தார். நம்ப முடியாத எண்ணை நீக்குவதற்கு முன் அது பிறந்த இடத்துக்குப் போய் நில் என்பது முதலாவது. அறிக்கையைக் கொடுத்த பிறகு களக் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை வாசி என்பது இரண்டாவது. இரண்டாவதை நான் வெறும் சடங்காகவே கருதி வந்தேன். இந்தக் கதையில் அது திரும்ப வரும்.

மறுநாள் மண்டோர் சுப்ராவோடு களத்துக்குப் போனேன். வேலையை மேற்பார்க்கும் அவர் மோட்டார் சைக்கிளில் முன்னே செல்ல, நான் காரைச் செம்மண் சாலையில் நிறுத்திவிட்டு நடந்தேன். மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். தேவி என்றொருத்தி, அவர்களில் வாய் நீண்டவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீச்சர், அந்தப் பக்கம் நிக்காதீங்க. குலை விழும்."

"நான் டீச்சர் இல்லை, அம்மா. ஆய்வு செய்பவள்."

"படிச்சவங்கன்னா எங்களுக்கு டீச்சர், இல்லன்னா டாக்டர். டாக்டர்னு கூப்பிட்டா ஊசி போடணும், பரவாயில்லையா?"

டீச்சராகவே இருக்கச் சம்மதித்தேன். கேள்வித்தாளைக் கொடுத்ததும் தேவி அதைத் தூரப் பிடித்து வாசித்தாள்.

"இதுல 'உடன்படுகிறேன்'னு ஒண்ணு, 'மிகவும் உடன்படுகிறேன்'னு ஒண்ணு இருக்கே. மிகவும் போட்டா நமக்கு ஏதாவது கூடக் கிடைக்குமா?"

"ஒன்றும் கிடைக்காது."

"அப்ப சாதாரணமாவே உடன்படுறேன் லா."

பத்து மணிக்குக் காப்பி நேரம். ஒருத்தி மட்டும் இன்னும் வட்டத்தில் குனிந்திருந்தாள். தேவி அவளை நோக்கிக் கூவினாள்.

"ஏய் நாப்பத்திரெண்டு! வா லா, கோப்பி ஆறுது!"

"முப்பத்தொம்போதுக்கு என்ன அவசரம்? கோப்பி எங்க ஓடிப்போகுது?" என்றாள் அவள், குனிந்தபடியே.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினேன்: 'ஒருவரையொருவர் எண்ணால் கேலியாக அழைக்கிறார்கள். குழு ஒற்றுமைக்குச் சான்று.' எழுதிய வரிக்கு அடிக்கோடும் போட்டேன்.

அந்த நாற்பத்திரண்டை நான் அஞ்சலை என்று அழைக்கப் போகிறேன். அது அவள் பெயரன்று. நாற்பத்திரண்டும் அவளது உண்மையான எண் அன்று. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

காப்பிக்குப் பிறகு அவள் பின்னாலேயே சென்றேன். அவளுக்கு முன்னால் குலை அறுத்தவர் லொம்போக் தீவிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர். நீண்ட அரிவாளை உயர்த்துமுன் அவர், "மாக்சிக், ஜாத்தோ!" என்று குரல் கொடுத்தார். அம்மா, விழப்போகிறது என்று பொருள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அஞ்சலை "ஓ" என்று பதில் சொன்ன பிறகே அறுத்தார். மற்றப் பெண்களுக்கு ஒரு முறை கத்துவதோடு சரி.

குலை விழுந்தது. பழங்கள் சிதறின. அஞ்சலை தரையைப் பார்க்கவில்லை. முகத்தைச் சற்றே திருப்பி, காதை வட்டத்துக்குக் கொடுத்து நின்றாள். பிறகு இடக்கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் புல்லுக்குள் நுழைந்தன. முள் மட்டைக்கு அடியில் போய்த் திரும்பின. வேரிடுக்கில் மெல்லத் துழாவி, ஒரு பழத்தோடு வந்தன. என் வாழ்நாளில் பல தொழிற்சாலைகளில் பல விரைந்த கைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைகள் விரையவில்லை. ஓர் இடத்துக்கு அவை இரண்டாம் முறை போகவும் இல்லை.

சிதறிய பழங்களில் ஒன்று உருண்டு வந்து என் காலணியில் முட்டி நின்றிருந்தது. நான் செய்தது என் வயதுக்கும் பதவிக்கும் தகாது, இருந்தும் செய்தேன். சத்தமில்லாமல் குனிந்து அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வட்டம் முடிந்தது. அஞ்சலை எழவில்லை, சாக்கின் வாயைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கள்."

"உங்க சப்பாத்துல ஒண்ணு முட்டுச்சே. அது எங்க?"

அந்தக் கணத்தை இப்போது எழுதும்போதும் என் முதுகு நிமிர்கிறது. பையிலிருந்து பழத்தை எடுத்து நீட்டினேன். அவள் கை காற்றில் ஒரு விரற்கடை தவறி, பிறகு என் கையைக் கண்டுபிடித்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எவ்வளவு காலமாக?" என்று கேட்டேன்.

அவள் சுற்றிலும் காது கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னாள். "ரெண்டு வருசத்துக்கு மேல டீச்சர். ஒரு கண்ணு சுத்தமா போச்சு. இன்னொண்ணுல புகை மாதிரி. ஆஸ்பத்திரில பார்த்தாச்சு, நரம்பாம், திரும்ப வராதாம். சொட்டு மருந்து போடறேன், இருக்குறது இருக்கட்டும்னு."

"நிர்வாகத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மெடிக்கல்ல தள்ளிருவாங்கல்லா? வேலை போனா வீடும் போச்சு. எனக்கு ரிட்டையராக இன்னும் ஒன்றரை வருசம் இருக்கு. முடிச்சுட்டா மக எடுக்கப்போற ஊட்டுக்குப் போயிருவேன். அதுக்குள்ள போனா, அவ இப்ப ரூம் வாடகையில இருக்கா, எங்க போய் நிக்கிறது?"

முள்ளும் பாம்பும் உள்ள இடத்தில் பார்வையற்ற ஒருத்தி வேலை செய்வது சரியா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் சிரித்தாள். "கண்ணு நல்லா இருந்தப்பதான் ரெண்டு தடவ தேள் கொட்டிச்சு. இப்ப மெதுவா போறேன், அதுங்களே ஒதுங்கிக்குது." குலை அறுப்பவர் மூன்று முறை குரல் கொடுப்பதும், அடுத்த நிரைக்காரி பாம்புச் சட்டை கண்டால் சொல்லிவிட்டுப் போவதும் அவளுக்காகத்தான் என்பதைப் பிறகு சுப்ராவே ஒத்துக்கொண்டார். அவர்களிடையே யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல அது.

பிறகு, ஆய்வின் மையக் கேள்வியைக் கேட்டேன். "ஒரு பழம்கூட விடாமல் பொறுக்குகிறீர்களே, எதற்காக?"

அவள் கை நின்றது. அன்று அது நின்றது அந்த ஒரு முறைதான்.

"நான் மிச்சம் வச்சா பின்னாடி வர்றவ பொறுக்கிடுவா டீச்சர். தேவி பொறுக்குவா, சொல்லவும் மாட்டா. பாவம்னு பொறுக்குவா. எனக்காக ஒருத்தி பாவம்னு குனிஞ்சுட்டா, அப்புறம் நான் இங்க எதுக்கு?"

ஊக்கத்தைப் பற்றி நான் படித்த கோட்பாடுகள் எல்லாம் அந்த மரத்தடியில் வாய்மூடி நின்றன. புறப்படும்போது, "இத எழுதிடாதீங்க" என்றாள். "உங்கள் பெயர் எங்கும் வராது. இது என் வாக்கு" என்றேன். முழு மனத்தோடு சொன்னேன்.

சொன்னபடியே பெயர் வரவில்லை. நான் எழுதிய அத்தியாயங்களிலேயே ஆகச் சிறந்தது என்று எனக்குத் தோன்றிய ஓர் அத்தியாயம் வந்தது. முதல் நிலைத் தரவையும் இரண்டாம் நிலைத் தரவையும் ஒரே நூலில் கோத்திருந்தேன். ஒரு பக்கம் சோதனைத் தாளின் சுழியங்கள், மறுபக்கம் அவற்றைப் பெற்ற மனிதரின் சொற்கள். இரண்டையும் இணைத்த நூல் நிரை எண். 'நாற்பத்திரண்டாம் நிரையில் பணிபுரியும், பார்வை பெரிதும் குன்றிய தொழிலாளி ஒருவர்' என்று எழுதினேன். பெயரைத்தான் நீக்கிவிட்டேனே.

வியாழக்கிழமை மாலை, அச்சிட்ட ஒரே பிரதியை உறையிலிட்டு ஒட்டி, தோட்ட மேலாளர் கையிலேயே கொடுத்தேன். மின்பிரதி அவர் கருத்துச் சொன்ன பிறகு வரும் என்பது நம் வழக்கம். "வீக்கெண்ட்ல பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை எச்.க்யூவுக்கு அனுப்பிடறேன் மேடம்" என்றார். நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிறு வேலை நாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், பாக்கார் ஆராங்கிலுள்ள என் வீட்டில், அந்தச் சடங்கைச் செய்ய உட்கார்ந்தேன். குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். நான்காம் பக்கத்தில் என் கையெழுத்து, என் அடிக்கோடு: 'ஒருவரையொருவர் எண்ணால் கேலியாக அழைக்கிறார்கள்.'

நான் லூனாஸில் கடைக்காரர் மகளாய் வளர்ந்தவள். தோட்டத்து மக்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். அதனால் அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நாற்பது ஆண்டுகளாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். கடைக்கு வருபவர்கள் பெயரோடு வந்தார்கள். தோட்டத்துக்குள் பெயர் வேறு. அங்கே எண் கேலி அல்ல, எண்தான் ஆள். காலையில் தோட்டத்தார் கூடும் பிரட்டுக்களத்தில் வாசிப்பது எண், சாக்கில் எழுதுவது எண், காப்பிக்குக் கூப்பிடுவது எண். அஞ்சலை என்று எழுதியிருந்தாலாவது, அலுவலகத்தில் எந்த அஞ்சலை என்று கேட்டிருப்பார்கள். நாற்பத்திரண்டு என்றால் கேள்வியே இல்லை. பெயரை மறைத்ததாக எண்ணிக்கொண்டு, அவளைக் கூப்பிடும் சொல்லையே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கான சான்றை என் கையாலேயே எழுதி, தவறான தலைப்பின் கீழ் வைத்து, அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

மேலாளரின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. எடுத்தேன், வைத்தேன். 'அட்டவணையில் ஒரு சிறு திருத்தம், படிக்காதீர்கள்' என்று சொல்லலாம். படிக்காதே என்றால் எந்த மனிதனும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடுவான். திருத்திய பிரதியை அனுப்பி, இதுதான் சரியானது என்று சொல்லலாம். இரண்டையும் அருகருகே வைத்தால் எது மாறியிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். உறை முழுதாகத் திரும்ப வரவேண்டும். காரணம் சொல்லக்கூடாது. காரணம் சொல்லாமல் அறிக்கையைத் திரும்பக் கேட்கும் ஆய்வாளரைப் பற்றி உலகம் என்ன நினைக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிக் கேட்ட மற்றவர்களைப் பற்றி நானே அப்படி நினைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை அவர் பினாங்கு போயிருந்தார். ஞாயிறு விடிந்ததும் பிரட்டுக்களத்தில் போய் நின்றேன். ஆட்கள் கலைந்த பிறகு அவர் தம் பிக்-அப் வண்டியருகே வந்தார். உறை முன் இருக்கையில் கிடந்தது. அதன் வாய் கிழிக்கப்பட்டிருந்தது.

"என்ன மேடம், இவ்வளவு காலையில?"

"வாசித்துவிட்டீர்களா?"

"ஃபர்ஸ்ட் ரெண்டு பக்கம்தான். கிராஃப் எல்லாம் அழகா இருக்கு. பாக்கி இன்னைக்கு."

"அந்த அறிக்கை எனக்குத் திரும்ப வேண்டும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"ஏன், என்ன தப்பு?"

"பிழை இருக்கிறது."

"எந்தப் பக்கம்? சொல்லுங்க, பேனாவாலயே திருத்திடலாம்."

"சொல்ல இயலாது."

"மேடம், நாங்க உங்களக் கூப்பிட்டதே உங்க பேருக்காக. நாளைக்கு எச்.க்யூல கேட்டா நான் என்னன்னு சொல்றது? காரணம் சொல்லுங்க, கொடுக்கறேன்."

நான் என் வாழ்நாளில் கெஞ்சியதில்லை. அன்றும் கெஞ்சத் தெரியவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னேன்: "தவறு முழுக்க என்னுடையது. அது எதுவென்று உங்களிடம் சொன்னால், அதே தவறை இரண்டாம் முறை செய்தவள் ஆவேன். என் கவனக்குறைவால் திரும்பப் பெறப்பட்டது என்று தலைமையகத்துக்கு எழுதுங்கள். என் பெயரைப் போட்டே எழுதுங்கள்."

அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பிரட்டுக்களத்தின் ஓரத்தில் சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து உறையை எடுத்து என் கையில் வைத்தார்.

"எழுதத்தான் செய்வேன் மேடம்," என்றார்.

எழுதினார். 'ஆய்வாளரின் கவனக்குறைவு' என்ற சொற்களோடு அந்த மின்னஞ்சல் வேறு சில தோட்டங்களுக்கும் போயிற்று. நம்மை அழைத்துக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்கள் அந்த ஆண்டு அழைக்கவில்லை. நீங்கள் கேள்விப்பட்ட கதைகளின் பிறப்பிடம் அதுதான். நான் யாரையும் திருத்தவில்லை. அஞ்சலை தன் ஒன்றரை வருடத்தை முழுதாக முடித்து மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, தொலைபேசியில் அவளிடம் அனுமதி கேட்டேன். "இப்ப எழுதுங்க டீச்சர், நல்லா எழுதுங்க" என்றாள். அதன் பிறகே இதை எழுதுகிறேன். இப்போதும் எண்ணை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உறையைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நேரே நிரைக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் வீடு திரும்புவது முறையாகப் படவில்லை. அவள் வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தத்திலேயே, "டீச்சரா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குக் கொடுத்தது, எண்ணை எழுதியது, உறையைத் திரும்ப வாங்கியது. மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். அந்தச் சொல் எனக்குப் பழக்கமில்லாதது, வாயில் கனத்தது. அவள் விரல்கள் நிற்காமல் புல்லுக்குள் போய் வந்தன.

"துரை படிச்சிட்டாரா?"

"இல்லை. மேலாளர் அந்தப் பக்கம் வரை போகவில்லை."

"உங்களுக்கு ஏச்சு விழுமா?"

"விழும்."

 மட்டைக்கு அடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, மண்ணைத் துடைத்துச் சாக்கில் போட்டாள்.

"ஒண்ணு மிச்சம் வச்சிட்டீங்க," என்றாள். "திரும்பி வந்து நீங்களே பொறுக்கிட்டீங்க. உங்களுக்காக யாரும் குனியல. அப்புறம் என்ன டீச்சர்? தள்ளி நில்லுங்க, குலை விழப் போகுது."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அடுத்த கணம் அந்த இளைஞரின் குரல், மூன்று முறை, மரங்களுக்கு அப்பாலிருந்து வந்தது. நான் தள்ளி நின்றேன்.